அத்தானின் எருமை

"அத்தான்! எருமை இன்னும் பாதி மேட்டுலயே மேயுதா?"

மலை உச்சியில் சைக்கிளைச் சாய்த்து வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு வாழைப்பழத்தையும் தின்று முடித்துவிட்டுப் பல் டாக்டர் கீழே பார்த்துக் கத்தினார்.

பதிலுக்கு சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் வந்தது.

டாக்டர் இரண்டாவது பழத்தை உரித்தார். அதுவும் தீர்ந்த பிறகுதான் அவருடைய அக்கா புருஷன் வந்து சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக்.

"நாள் பூரா லிஃப்ட்லயே ஏறி இறங்கினா காலுக்கு எங்கேருந்து அத்தான் தெம்பு வரும்?"

"வராதுதான் மாப்ள."

அவ்வளவுதான் அத்தான் பேசுவார். ரோஷமே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கதையே வேறு. அப்போது அத்தானும் கிராஸ் கன்ட்ரி சைக்கிள்தான் வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் அவர்தான் முதலில் உச்சிக்குப் போவார். டாக்டர் நாக்குத் தள்ளப் பின்னால் வருவார். அந்த நேரத்தில்தான் டாக்டருக்கு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சைக்கிளில் ஏறினார் டாக்டர். கேட்டவர்களிடம், "சொத்தைப் பல்லை அடைச்சா பழையபடி கடிக்கலாம்ல? நெஞ்சும் அப்படித்தான்" என்றார். தன்னிடம் வருகிறவர்களை மட்டும், டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை என்று திட்டித் தீர்ப்பார்.

அவர் திரும்பி வந்தபோது, அத்தான் நல்ல சைக்கிளைத் தள்ளிவிட்டு இந்த 'ஆல் மவுன்டன்' எருமையை வாங்கியிருந்தார். அன்றிலிருந்து உச்சிக்கு முதலில் வருவது டாக்டர்தான். பெருமை பிடிபடவில்லை. அங்கே இளைப்பாற உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இலவச வகுப்பு வேறு.

"இதோ, என்னோடது கிராஸ் கன்ட்ரி. பதினோரு கிலோ. முன்னாடி மட்டும்தான் ஸ்பிரிங். மிதிக்கிற மிதி அப்படியே சக்கரத்துக்குப் போகும். அத்தானோடது பதினஞ்சு கிலோ. முன்னாடியும் ஸ்பிரிங், பின்னாடியும் ஸ்பிரிங். டயரைப் பாருங்க, தலையணை மாதிரி! மிதிச்சா பாதி அதுக்கே போயிடும். பாறையில சல்லுனு இறங்கறதுக்குன்னே செஞ்ச வண்டி."

"அப்ப இறங்கும்போது அவர் முந்திடுவாரே?" என்றார் ஒருவர்.

"அதுதான் இல்ல! பாறை வந்தா நான் இறங்கித் தள்ளுறேன். நியாயம், என் வண்டிக்குப் பின்னாடி ஸ்பிரிங் இல்ல. அவரும் கூடவே இறங்கித் தள்ளுறாரு! மெத்தை வாங்கி வச்சுட்டுத் தரையில படுக்கிறவரை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

அடுத்த மாதம் மலையேற்றச் சைக்கிள் போட்டி. இருவர் கொண்ட அணி. இரண்டு பேரும் வந்து சேரும் நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். டாக்டர் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார். கோப்பைக்கும் அவருக்கும் நடுவில் அந்த எருமை மட்டும்தான் நின்றது.

திங்கட்கிழமை சாயங்காலம், அத்தானுக்குத் தெரியாமல் சைக்கிள் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா முழங்கை வரை கிரீஸோடு ஒரு சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தான் உயரத்துக்கு நல்ல கிராஸ் கன்ட்ரி ஒண்ணு வேணும்மா. இந்த வாரமே. அந்த எருமையை நீங்களே எடுத்துக்குங்க."

"அவர் சரின்னாரா?"

"அவரை யார் கேக்கறது? பாவம், ஏமாளி. எவனோ பளபளன்னு காட்டி அவர் தலையில கட்டிட்டான்."

"கட்டினது நான்தான் சார்."

டாக்டருக்கு லேசாக இருமல் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க. வித்தியாசத்தைச் சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன். 'மேடு ஏறணும்னா கிராஸ் கன்ட்ரிதான் சார், இது ஏறும்போது உயிரை வாங்கும்'னு. 'அப்ப இதையே குடுங்க'ன்னாரு."

"பார்த்தீங்களா! பிடிவாதத்தை மட்டும் பாருங்க. பாறையில ஓட்டுற தைரியமாவது இருக்கா?"

கடைக்காரம்மா சுவரில் மாட்டியிருந்த நெளிந்த ரிம் ஒன்றைக் காட்டினார்.

"அவரோடதுதான். புதன்கிழமை லீவு கிடைச்சா தனியா வருவாரு. நீங்க தள்ளிக்கிட்டு இறங்குற அதே பாறையிலதான் ஓட்டி இறங்குவாரு. ஒரு நாள் நானும் பின்னாடியே போனேன். பிடிக்க முடியல சார்."

டாக்டர் ரிம்மைப் பார்த்தார். கடைக்காரம்மாவைப் பார்த்தார்.

"அப்ப என்கூட வரும்போது மட்டும் ஏன்மா இப்படி?"

கடைக்காரம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த வாரம் அவர் இங்க வந்தாரு. 'இருக்கறதுலயே மேட்டுல ரொம்ப மெதுவா ஏறுற வண்டி எது?'ன்னு கேட்டாரு. நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. 'என் மச்சினன் இனிமே மெதுவாத்தான் ஓட்டணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கம்மா. சொன்னா கேக்க மாட்டான். நான் முன்னாடி போனா, செத்தாவது என்னை முந்தப் பார்ப்பான். நான் பின்னாடி வந்தாதான், வாழைப்பழம் தின்னுக்கிட்டு நிம்மதியா உக்காந்திருப்பான்'னாரு."