மொட்டுக் கிள்ளும் காலம்

புகையிலையைப் பூக்க விடக் கூடாது. பூத்தால் இலை மெலிந்துபோகும். மொட்டைக் கண்டதும் கிள்ளிவிட வேண்டும். வழக்குரைக்கும் பிரக்கிராசி விசுவலிங்கம் கோட்டில் வழக்கு முடித்து, கறுப்புச் சட்டையோடே தன் தோட்டத்துக்கு வந்தபோது, அது முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தது. அவருடைய மனைவி தையல்முத்து கூலியாட்களை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருத்தரையும் கிள்ள விடமாட்டன். ரண்டு பிள்ளையளை மொட்டிலயே பறிகுடுத்திட்டன். இவளாவது மிஞ்சட்டும்."

தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்குள் மகள் காய்ச்சலில் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"விசர்க்கதை கதையாதையும்! பூவுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? சாட்சி இருக்கோ?"

வெள்ளைக்கார நீதவானையே வாயடைக்க வைக்கும் குரல் அது. அவள் அவருடைய கையையே பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். பேச்சுச் சூட்டில், பழகிய நகம் ஒரு பூங்கொத்தைக் கிள்ளியிருந்தது.

இருமல் சத்தம் நின்றிருந்தது.

உள்ளே போய்ப் பார்க்க இருவருக்கும் கால் வரவில்லை. பிரக்கிராசி அந்தப் பூவை முறிந்த காம்பில் பொருத்தி, காற்று அசைக்காதபடி இரு கைகளாலும் பொத்திப் பிடித்தார்.

"பிள்ளையைக் கூப்பிடாதையும்," என்றார். "கொஞ்சம் பொறும். ஒட்டியிடும்."