வலது கன்னம்

பகல் மூன்று மணி வெயில் வார்டு சன்னல் வழியாக வந்து கட்டிலின் பாதி வரை கிடக்கிறது. சுருளிவேல் மூச்சுக்குத் தவிக்கிறான். பழனிக்கு நேர்ந்து வளர்த்த தாடி ஒவ்வொரு முடியாக விறைத்து நிற்கிறது. ஆக்சிஜன் மாஸ்க் அதன்மேல் படியாமல் காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. காய்ந்த முடியில் வைத்த முதல் ரேசர் அப்போதே மழுங்கிவிட்டது. "ஊறுனாத்தான் முடி எளகும்க்கா. ரெண்டு நிமிசம் பொறுங்க," என்கிறாள் நர்ஸ் சத்யபிரியா. மூக்காயி வெந்நீர்த் துணியைப் புருசனின் தாடையில் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விரலிடுக்கில் ஆவி எழுகிறது. "பொண்டாட்டி பேச்சுக்கு வளையாத மனுசன், முடி மட்டும் வளைஞ்சுருமாக்கும்," என்கிறாள். அவன் கண்கள் சிரிக்கப் பார்க்கின்றன, முடியவில்லை. கீழே ரோட்டில் ஒரு கண்டக்டர் வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு என்று கூவுகிறார். மூக்காயி மாஸ்க்கை விலக்கி, இரண்டாவது ரேசரால் இடது கன்னத்தைச் சரசரவென்று வழித்துவிடுகிறாள். வலது கன்னத்துக்குப் போவதற்குள் அவன் உதடு நீலம் பாரிக்கிறது. நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கை மாட்டுகிறாள். இடப்பக்கம் சத்தமில்லை. வலப்பக்கம் தாடிக்குள்ளிருந்து காற்று சீறுகிறது. மூக்காயி உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்துகிறாள்; சீற்றம் அடங்குகிறது, அவன் நெஞ்சு மெல்ல ஏறுகிறது. "அப்படியே புடிச்சுக்கங்கக்கா, கைய எடுத்துராதீங்க. டாக்டரக் கூட்டிட்டு வாரேன்," என்று நர்ஸ் ஓடுகிறாள். மூக்காயியின் இன்னொரு கையில் ரேசர் இருக்கிறது. வழிக்க வேண்டிய முடியெல்லாம் உள்ளங்கைக்கு அடியில் குத்திக்கொண்டு நிற்கிறது.