காது கொடுத்துக் கேட்டவர்

சாட்சி பேசத் தொடங்கியதும் நீதிபதி அம்மாள் வலது காதில் இருந்த கருவியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் கண்களை மூடிக்கொண்டார்.

அந்தக் கருவியின் மேல் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தனி மரியாதை. "காது மந்தமாம். இருந்தாலும் லீவு போடறதில்ல, பாருங்க. என்ன ஒரு கடமை உணர்ச்சி!" என்று மூத்த வக்கீல்கள் இளையவர்களிடம் சொல்லுவார்கள். குறுக்கே பேச மாட்டார், எரிந்து விழ மாட்டார், எவ்வளவு இழுத்தாலும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். வக்கீல்களுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவள் ஒரு வீட்டு நர்ஸ். படுக்கையில் கிடந்த பணக்கார அம்மாள் ஒருவரைக் கவனித்துக்கொண்டவள். அந்த அம்மாளின் வைரச் சங்கிலி காணாமல் போனதும் பழி நேராக இவள் தலையில் வந்து விழுந்தது. வழக்கு அவ்வளவு இறுக்கம். இவளுடைய வக்கீலே பையை மூடி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

சாட்சிக் கூண்டில் அந்தக் குடும்பத்தின் டாக்டர். தேய்த்த கோட்டு, தேன் தடவிய குரல்.

"நான் ஊசி போட்டுட்டுக் கிளம்பறப்போ சங்கிலி அவங்க கழுத்துலதான் இருந்துச்சு, யுவர் ஆனர். அதுக்கப்புறம் அந்த ரூம்ல இருந்தது இந்தப் பொண்ணு மட்டுந்தான்."

"பொய்யில்லைங்களே டாக்டர்?" என்று அரசு வக்கீல் மரியாதைக்குக் கேட்டார்.

"எனக்கெதுக்குங்க பொய்?"

பின்வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதத்தை மெதுவாகப் பிரித்தார்கள். நீதிபதி ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்தப் பக்கம் முறைத்துவிட்டு மூடிக்கொண்டார்.

"மெஷின் நல்ல கம்பெனி போல," என்று டைப்பிஸ்ட் குமாஸ்தாவிடம் கிசுகிசுத்தார்.

விசாரணை நீண்டது. போகப்போக நீதிபதியின் முகம் மாறியது. புருவம் சுருங்கியது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நகத்தைக் கடித்தார். தன் வாதத் திறமைதான் அவரை இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அரசு வக்கீல் குரலை இன்னும் உயர்த்தினார். டாக்டர் மட்டும் அந்த முகத்தையே பார்த்தபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு ஏதாவது பகை உண்டா?"

"சேச்சே! இவ எனக்கு மக மாதிரி."

படீரென்று மேசையில் அடி விழுந்தது.

"டாக்டர்தான்!" என்று கத்தினார் நீதிபதி.

கண்ணைத் திறந்த நீதிபதி, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு விறைத்துப் போனார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டாக்டர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"யுவர் ஆனர்... அந்த நகைக்கடைக்காரன் சொல்லிட்டானா?"

அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டார். தூக்க ஊசியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டது, சங்கிலியைத் தன் கையாலேயே கழற்றியது, கற்களைப் பெயர்த்து விற்றது, எல்லாம்.

நர்ஸ் விடுதலையானாள். நீதிபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போலீஸ், வக்கீல்னு எல்லார்கிட்டயும் அழுதேன்மா. நீங்க ஒருத்தர்தான் காது கொடுத்துக் கேட்டீங்க."

நீதிபதியின் முகம் குப்பென்று சிவந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்று உருகினார் அரசு வக்கீல். தோற்றது தாம்தான் என்பதையே மறந்து, அங்கேயே பாராட்டு விழாவுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்தார். "அந்த மௌனத்துக்குள்ள ஒரு புயல் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்."

வாசலில் நிருபர்கள் மொய்த்தார்கள். "இந்தக் கூர்மை உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு, மேடம்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நீதிபதியிடம் உண்மையான பதில் இருந்தது. "எங்கம்மாகிட்ட இருந்து. எனக்குச் சோறு ஊட்டறப்பகூட துப்பறியும் கதைதான் படிச்சுக் காட்டுவாங்க. கொலைகாரன் யாருன்னு நான் சொன்னாத்தான் அடுத்த வாய். இப்ப அவங்களுக்குக் கண் மங்கிடுச்சு, ஒலிப்புத்தகமா கேக்கறாங்க. நானும் அதே கதையைக் கேப்பேன். யார் முதல்ல கண்டுபிடிக்கறதுன்னு எங்களுக்குள்ள போட்டி."

"இவ்வளவு வேலைக்கு நடுவுல கதை கேக்க நேரம் எப்படிக் கிடைக்குது, மேடம்?"

நீதிபதி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் அம்மா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகளின் செருப்புச் சத்தம் கேட்டதுமே செல்போனை அணைத்தார்.

"நியூஸ்ல கேட்டேன். கோர்ட்டே அதிர்ற மாதிரி கத்தினியாமே?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா." நீதிபதி பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊரே என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. நீயாவது நல்லா நாலு திட்டு திட்டேன்."

"திட்டாம? அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கேன், அவசரக்குடுக்கை!" அம்மாவுக்கு உண்மையிலேயே கோபம். "கடைசி அத்தியாயம் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? கதையில கொன்னது டாக்டர் இல்லடி, சமையல்காரி!"