ஆவுடையப்பனின் கை

படகின் கியர் கேபிளை உருவியதுமே பீர் மைதீனுக்குத் தெரிந்துவிட்டது.

அது மாட்டவும் இல்லை, அறவும் இல்லை. எண்ணெயில் ஊறின கம்பி, இழுத்த இழுப்புக்கு வந்தது.

ஷார்ஜாவில் படகு எஞ்சின்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். தென்காசிப் பக்கம் இந்த வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. அதனால்தான் குற்றாலத்து விடுதிக்காரர்கள், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவரையே கூப்பிட்டிருந்தார்கள். விடுதியின் இந்தக் குளத்தில்தான் போன மாதம் அவருடைய மகன் உசாமா முங்கிப்போனான்.

படகோட்டி ஆவுடையப்பன் கரையிலேயே நின்றார். அன்றிலிருந்து அவர் படகில் கால் வைக்கவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை என்று ஊரில் பேச்சு.

“பய கையத் தூக்குனதும் கியர வெடுக்குன்னு இழுத்தேன் மைதீன். படகு பின்னால போகுது! பாழாப்போன கேபிளு சதி பண்ணிட்டு.”

இழுத்தேன் என்கிறார்.

பழைய படகில் கியரைத் தன் பக்கம் இழுத்தால்தான் முன்னே போகும். ஆவுடையப்பன் தலை நரைக்கும்வரை அதைத்தான் ஓட்டினார். இந்த சீசனுக்கு வந்த புதுப் படகில் தள்ள வேண்டும். மற்ற நாளெல்லாம் யோசித்துத் தள்ளியிருக்கிறார். அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. கை பழைய படகை ஓட்டிவிட்டது.

பீர் மைதீனுக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் இந்த மனுஷன் உயிரோடு இருக்க மாட்டார். சொல்லாவிட்டால் உசாமாவுக்கு யார் பதில் சொல்வது?

கரையைப் பார்த்தார். ஆவுடையப்பன் வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு அவ்வளவு வற்றியிருந்தது.

பீர் மைதீன் குனிந்த வாக்கில் கேபிளைக் கட்டிங் பிளேயரால் கடித்து, இழை இழையாகப் பிய்த்தார். பிறகு உயர்த்திக் காட்டினார்.

“பிஞ்சு கெடக்கு அண்ணாச்சி. ஒம்ம மேல ஒண்ணும் இல்ல.”

ஆவுடையப்பன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பீர் மைதீனும் அழுதார், முதுகைத் திருப்பிக்கொண்டு.

புதுக் கேபிள் மாட்டினால் அரை மணி வேலைதான். மேனேஜர் வாங்கியும் வைத்திருந்தார். பீர் மைதீன் அதைத் தொடவில்லை. இரும்புக் கம்பியை அளவெடுத்து, வளைத்து, ஒரு முனையை இழுத்தால் மறுமுனை தள்ளும்படி நடுவில் ஓர் அச்சு கொடுத்து, சாயந்தரம்வரை மெனக்கெட்டார். கம்பியென்றால் எந்நாளும் உழைக்கும் என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னார்.

முடிந்ததும் ஆவுடையப்பனைக் கைபிடித்துப் படகில் ஏற்றினார். எதையும் யோசிக்காமல் ஓட்டச் சொன்னார்.

அவர் கை கியரைத் தன் பக்கம் இழுத்தது.

படகு முன்னே போனது, உசாமா கையைத் தூக்கிய இடத்தைப் பார்த்து.