எதுவும் போடாத பாட்டில்

காந்தி மார்க்கெட் வாழைப்பழக் கழிவைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்து ஹைட்ரஜன் எடுப்பதுதான் பெலிண்டாவின் ஆராய்ச்சி. இரும்புத்தூளும் நிக்கலும் சேர்த்தால் வாயு கூடுதலாக வரும். எவ்வளவு கூடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, எந்த உலோகமும் போடாத கண்ட்ரோல் பாட்டில் ஒன்று வேண்டும். அந்தச் சனியனில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வாயு வந்தது.

மூடியைப் பிரித்துக் கவிழ்த்தாள். போன வாரம் அவள் துப்பட்டாவிலிருந்து காணாமல் போன நீலமணி ஊக்கு துருவோடு வந்து விழுந்தது.

"பின்னு விழுந்தது கூடத் தெரியாம மூடினியாம்மா? இதை வச்சு நான் என்ன பேப்பர் எழுதறது?" என்றார் அவளுடைய கைடு அமிர்தசாமி சார்.

மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒரு ஊக்கு. அவளுக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. ஊக்கு, ஹேர்பின், வாட்ச் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள்.

சார் அப்போதும் நம்பவில்லை. முன்பு காவிரிப் பாலத்தில் பைக்கோடு விழுந்து, தில்லை நகர் ஆஸ்பத்திரியில் ஸ்டீல் பிளேட் வைத்து ஸ்குரூ முடுக்கிய காலை இழுத்து இழுத்து வந்து, தன் கையாலேயே பாட்டிலை மூடி சீல் வைத்தார்.

திங்கட்கிழமையும் கண்ட்ரோல்தான் முதலில் நின்றது. சீல் கலையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துக் கவிழ்த்தாள். டிரேயில் சின்னச் சின்ன ஸ்குரூக்கள் விழுந்தன. பாட்டில் வாயில் நுழையவே முடியாத அகலத்தில் ஒரு ஸ்டீல் பிளேட் உள்ளேயே சிக்கி நின்றது.

வராந்தாவில் யாரோ விறுவிறுவென்று நடந்து வரும் சத்தம் கேட்டது.

"இன்னிக்குக் கால் லேசா இருக்கும்மா," என்றார் சார் வாசலில் நின்று. "கண்ட்ரோல் இந்தத் தடவையாவது ஒழுங்கா இருக்கா?"