ஆவி பிடிக்கும் நேரம்

குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு பஸ் டிரைவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். குழாயில் சுடுதண்ணீர் கொட்டுகிறது. கண்ணாடியும் சுவரும் அவருடைய பெரிய மீசையும் ஆவியில் வியர்த்து வழிகின்றன. மடியில் மனைவியின் நாய், ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும் உடம்பு. நிமோனியாவில் சளி கட்டி, மூச்சுக்கு மூச்சு நெஞ்சு கரகரக்கிறது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்கையைக் குழித்து அதன் விலாவில் தட்டிக்கொண்டே இருக்கிறார். வேலை முடிந்து வந்து கண்ணை மூடினால் போதும், குரைத்தே எழுப்பிவிடும் என்று “ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” எனப் போன வாரம்வரை குதித்தவர். இப்போது சில நாட்களாக வீட்டில் சத்தமே இல்லை. அவருக்குத் தூக்கமும் இல்லை.

“மெதுவாத் தட்டுங்க, அது ஒண்ணும் பஸ் ஹாரன் இல்ல!” கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

“நீ சும்மா இரு. இருமு ராசா, நல்லா இருமிடு.”

நாய் அடிவயிற்றிலிருந்து இருமுகிறது. இளகிய சளி அவர் வேட்டியில் வந்து விழுகிறது. காதுகள் மெல்ல நிமிர்கின்றன. மடியில் இருந்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்து, பழைய பகையோடு, “வள்!” என்கிறது.

“அடியே, ஓடி வா! என்னப் பாத்துக் குரைக்குது!” கண் கலங்கச் சிரித்தபடி, மீசையை அதன் மூக்கருகே கொண்டுபோகிறார். “எங்க, இன்னொரு வாட்டி திட்டுடா!”