நாற்பது நாள் பத்தியம்

"இதையே பூசு" என்று அப்போதுதான் வெட்டிய கற்றாழை மடலை நீட்டினாள் அண்ணி. அடிவெட்டிலிருந்து மஞ்சள் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பார்லர்காரி கையை நீட்டவில்லை. அந்தப் பாலை வடித்து, மூன்று முறை கழுவிய பிறகுதான் கற்றாழை மருந்தாகும். கழுவாமல் தடவினால், பனியில் வெடித்த தோல் நெருப்பு பட்டதுபோல் எரியும். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு பிழைப்புக்காகப் பழகிய தொழில் இது. இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவள் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

"என்ன யோசனை? அவளேதான். போட்டோவுல பார்த்த மூஞ்சி எனக்கு மறக்குமா?" அண்ணி திரையை விலக்கிப் பார்த்தபடி கிசுகிசுத்தாள். "உன் புருஷனைக் கொத்திக்கிட்டுப் போனவ, தானா வந்து உன் நாற்காலியில உட்கார்ந்திருக்கா. நாம யாருன்னுகூட அவளுக்குத் தெரியல. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்குடி."

பார்லர்காரி மடலை வாங்கித் தட்டில் வைத்தாள்.

"இந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன் அண்ணி. விட மாட்டேன்."

அந்த மடலின் பக்கத்திலேயே காலையில் வடித்துக் கழுவிய மடல் ஒன்றையும் வைத்துக்கொண்டு திரையைத் தாண்டினாள்.

வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் முடி வைக்கோலாய்க் காய்ந்து, வகிடு அகன்று கிடந்தது. கன்னங்கள் சாம்பல் பூத்திருந்தன. கைகள் இரண்டையும் சால்வைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"கையைக் காட்டும்மா."

தயங்கித் தயங்கி நீட்டினாள். விரல் மூட்டுகளில் பாளம் பாளமாக வெடிப்பு. இரண்டு இடங்களில் ரத்தம் உறைந்திருந்தது. பார்லர்காரி அந்தக் கைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனி மெல்ல வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"வெறும் பனிக்கு இப்படி வெடிக்காதே. என்ன வேலை செய்யறே?"

"வீட்டு வேலைதான்க்கா. அவருக்கு மெஷின்ல போட்ட சட்டை ஆகாது, காலர் நைஞ்சு போயிடுமாம். தினம் ஒரு வெள்ளைச் சட்டை, கையாலதான் துவைக்கணும். அதுவும் பச்சைத் தண்ணியில. சுடுதண்ணி பட்டா சட்டை பழுத்துடும்பாரு."

"ம்."

"அடுத்த மாசக் கடைசியில அவர் ஆபீஸ்ல பெரிய விருந்துக்கா. பதவி உயர்வு குடுக்கறாங்க, எல்லாரும் பொண்டாட்டியோட வருவாங்களாம். 'இந்த லட்சணத்துல உன்னைக் கூட்டிட்டுப் போய் என் மானத்தை வாங்கிக்கவா? எந்த பார்லருக்காவது போ, அங்க என்ன சொன்னாலும் தட்டாம செய், பார்க்கிற மாதிரி ஆகு'ன்னுட்டாரு."

எங்கே அடித்தால் வலிக்கும் என்பது அந்த நொடியில் பார்லர்காரிக்குத் தெரிந்துபோனது.

மஞ்சள் பால் சொட்டிய மடலை எடுத்துக் குப்பைக் கூடையில் எறிந்தாள். திரைக்குப் பின்னால் அண்ணி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கழுவிய கற்றாழைச் சோற்றை விரல் விரலாகத் தடவினாள். அதன்மேல் தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஆற வைத்த களிம்பு. ஊறிய வெந்தயத்தைத் தயிர் விட்டு அரைத்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேர்க்கால்வரை பூசினாள். வந்தவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது.

எல்லாம் முடிந்ததும் பார்லர்காரி களிம்புப் புட்டியை அவள் மடியில் வைத்தாள். குரலில் ஈவு இரக்கம் இல்லை.

"நல்லா கேட்டுக்கோ. நாற்பது நாள் பத்தியம். கையில பச்சைத் தண்ணி படக் கூடாது. சோப்புப் பக்கமே போகக் கூடாது. வெந்தயம் பூசின நாள்ல மூணு மணி நேரம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அடுப்புச் சூடும் ஆகாது. ஒரு நாள் தவறினாலும் செஞ்சதெல்லாம் வீண். அப்புறம் நீ விருந்தையே மறந்துட வேண்டியதுதான்."

"நாற்பது நாளாக்கா?" அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நாற்பது நாள்தான். ஒண்ணுகூடக் குறையாது."

வந்தவள் புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பயந்த முகத்தோடு படியிறங்கிப் போனாள்.

அண்ணி திரையைக் கிழிப்பதுபோல் விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நல்லா இருக்குடி நீ பழி வாங்கின லட்சணம்! பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சு. அதை எடுத்து அவ வாயில ஊட்டி, வாயையும் துடைச்சு அனுப்பிட்டே! ஆறு வருஷம் ராவும் பகலும் அழுததெல்லாம் இதுக்குத்தானா?"

பார்லர்காரி கிண்ணங்களைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஈரக் கையைத் துண்டில் ஒற்றினாள். அவள் விரல் மூட்டுகளிலும் பழைய வெடிப்புகள் ஆறிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. எந்தக் களிம்புக்கும் அவை மறையவில்லை.

பிறகு, அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"நாற்பது நாள், நாற்பது சட்டை... இனி அந்த ஆளே துவைக்கட்டும், அண்ணி."